ஜீவனாம்சம் கேக்க வக்கீல் ஃபீஸ் எதுக்கு?

எங்க பக்கம் ஒரு பொண்ணு புள்ளைய தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்துட்டான்னா மொதல்ல வர்ற பேச்சு "ஊர்க்கூட்டத்துல சொல்லி தீத்து விட்ருவோம்". ரெண்டாவது பேச்சு "கோர்ட்டு கீர்ட்டுன்னு போனா வக்கீலுக்கே இருக்குற நகையும் போயிரும்". இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்குன்னு யாரும் வாயத் தொறக்குறதில்ல, ஏன்னா யாருக்கும் தெரியல. நான் நண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போறேன், அங்க நண்டு உடைக்கிற மேசையில உக்காந்துருக்கைல வாரத்துக்கு ஒருத்தியாவது மெதுவா பக்கத்துல வந்து "அக்கா நீங்க எப்படி காசில்லாம கேஸ் போட்டீங்க"ன்னு கேக்குறா. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

என் வீட்டுக்காரரு ராமேஸ்வரத்துல விசைப்படகுல கடலுக்குப் போறவரு. கல்யாணம் சர்ச்சுல நடந்தது. என்ன சண்டை எதுக்கு சண்டைன்றதெல்லாம் இங்க வேணாம், 2023ல மகளோட உச்சிப்புளி பக்கம் எங்க அம்மா வீட்டுக்கு வந்துட்டேன், அதுக்கப்புறம் அவரு பக்கத்துல இருந்து ஒத்த ரூபா வரல. தெரிஞ்சவங்க மூலமா ஒரு வக்கீலப் பாத்தோம், ஆரம்பத்துலயே இருபத்தஞ்சாயிரம், அப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனின்னாரு. அவரை குத்தம் சொல்ல வரல, அவரு தொழில் அது. ஆனா என் கூலிக்கு அது கட்டுமா?

அப்பத்தான் கம்பெனியில கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தவங்க ராமநாதபுரம் கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுன்னு ஒரு ஆபீஸ் இருக்கு, அங்க போன்னு சொன்னாங்க. தாலுகா கோர்ட் இருக்குற ஊர்ல வட்ட சட்டப்பணிகள் குழுன்னு இருக்கும், வேலை ஒன்னுதான். 1987ல வந்த சட்டம், அதுல 12வது பிரிவுல தெளிவா இருக்கு, பொம்பளைங்களுக்கும் குழந்தைங்களுக்கும் வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும். எஸ்.சி, எஸ்.டி ஆளுங்க, மாற்றுத்திறனாளிங்க, புயல் வெள்ளத்துல அடிபட்டவங்க இவங்களுக்கும் உண்டு. பொதுவா மத்த ஆம்பளைங்களுக்குத்தான் வருமான வரம்பு. நல்லா கவனிங்க, இது ஏழைன்னு இரக்கப்பட்டு குடுக்குறது இல்ல, பொம்பளைன்னா உரிமையிலயே வர்றது. சொந்தமா போட் வச்சிருக்குற வீட்டுப் பொண்ணும் போய் கேக்கலாம். அதனால அங்க போய் குனிஞ்சு கும்புட்டு நிக்க வேண்டாம்.

மனு ஒன்னு எழுதிக் குடுக்கணும், ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், அவ்ளோதான். எழுதத் தெரியலன்னா அங்க சட்டத் தன்னார்வலர்னு இருப்பாங்க, பி.எல்.வின்னு சொல்றாங்க, அவங்களே எழுதித் தருவாங்க. நேர்ல போக முடியாதவங்க 15100ன்ற நம்பருக்கு போன் போட்டு கேக்கலாம், அது இலவசம். அவங்க போட்டுக் குடுக்குற வக்கீலுக்கு நீங்க ஃபீஸ் குடுக்க வேண்டாம், டைப்பிங், நோட்டீஸ் செலவு, காப்பி செலவு எல்லாம் அதுக்குள்ளயே வந்துரும். யாராவது "டீ செலவுக்கு"ன்னு கேட்டா குடுக்காதீங்க, ஆணைக்குழு செயலாளர் ஒரு ஜட்ஜ்தான், அவருக்கு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுத்தா போதும். வக்கீல் வாய்தாவுக்கு வரவே மாட்டேங்குறாரு, போன் எடுக்க மாட்டேங்குறாருன்னாலும் அதே மாதிரி எழுதிக் குடுத்து வேற ஆள் கேக்கலாம். இலவசம்தானே எப்படி இருந்தாலும் சரின்னு பேசாம இருக்குறவங்கதான் நம்ம பக்கம் ஜாஸ்தி.

இப்ப ஒரு பத்திரம் விஷயத்துக்கு வர்றேன், இதுதான் நான் சொல்ல வந்ததுலயே பெரிய விஷயம்.

நான் சட்ட உதவி ஆபீஸுக்குப் போறதுக்கு முன்னாடியே அவுக ஊர்க்கூட்டத்துல ஒரு பத்திரம் தயார் பண்ணி வச்சிருந்தாங்க. முத்திரைத்தாள், அழகா டைப் அடிச்சு, ரெண்டு பக்கமும் சாட்சி கையெழுத்துக்கு இடம் விட்டு. அறுபதாயிரம் ரூபா ஒரே தடவையா தந்துருவோம், சீர் சாமான் திருப்பித் தந்துருவோம், மக அம்மாகிட்டயே இருக்கட்டும், அவ்ளோதான்னாங்க. எங்க சித்தப்பாவுக்கே அது நல்லாத்தான் பட்டுச்சு, "கையெழுத்தப் போட்டு நிம்மதியா இரு தாயி"ன்னாரு. நான் வாங்கி போன்ல போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டேன், ரெண்டு நாள் டைம் குடுங்க மாமான்னு கேட்டேன். அந்த போட்டோவ சட்ட உதவி ஆபீஸ்ல இருந்த பி.எல்.வி அக்காகிட்ட காட்டுனேன். அவங்க பெரிசு பண்ணி பெரிசு பண்ணிப் படிச்சாங்க, மூணாவது பாராவுல வெரல வச்சாங்க. "இருவரும் மனமொத்து இன்று முதல் பிரிந்து வாழ சம்மதிக்கிறோம்". இந்த ஒரு வரிக்குத்தான்மா இவ்வளவு பத்திரமும்னாங்க.

எனக்குப் புரியல. அவங்கதான் விளக்குனாங்க. ஜீவனாம்சம் கேக்குற சட்டத்துலயே ஒரு விலக்கு இருக்கு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சம்மதிச்சு பிரிஞ்சு இருந்தா பொண்டாட்டி மாச ஜீவனாம்சம் கேக்க முடியாது. நாளைக்கு நான் கோர்ட்டுக்குப் போனா அந்த பத்திரத்த நீட்டுவாங்க, இந்தா அவளே சம்மதிச்சு கையெழுத்து போட்ருக்கான்னு. அதுக்கு மேல நான்தான் அது கட்டாயப்படுத்தி வாங்குனது, அடிச்சதாலதான் வந்தேன்னு நிரூபிக்கணும். அதே சமயம் அந்த பத்திரத்தால விவாகரத்தும் ஆகாது. அவுக அத வச்சு வேற கல்யாணம் பண்ணலாம்னு நெனச்சாங்களோ என்னவோ, தெரியல. ஆக எனக்குப் போறது ஆயுசுக்கும், வர்றது அறுபதாயிரம். ஊர்ப் பெரியவங்க எல்லாரும் கெட்டவங்கன்னு சொல்லல, நெறைய வீட்ல சண்டைய அவங்கதான் தீத்து வச்சிருக்காங்க, எங்க பங்குச்சாமி கூட எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு பேசிப் பாத்தாரு. பேச்சுவார்த்தைக்குப் போங்க, தாராளமா போங்க, ஆனா அங்க வச்சு எதுலயும் கையெழுத்து போடாதீங்க, போட்டோ எடுத்துட்டு வந்து படிச்சவங்ககிட்ட காட்டிட்டு அப்புறம் பாருங்க. புள்ளைக்கு உண்டான பணத்த அம்மா கையெழுத்து போட்டு விட்டுக் குடுத்துர முடியாது, அது புள்ளையோட உரிமை, இதையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

இன்னொன்னு, ஜீவனாம்சம் கேக்க விவாகரத்து பண்ணணும்னு அவசியமே இல்ல. நான் இன்னைக்கு வரைக்கும் விவாகரத்து கேக்கல, கேக்குற எண்ணமும் இல்ல, சர்ச்சுல முடிச்ச கல்யாணம். சோத்துக்கும் புள்ள படிப்புக்கும் கேக்குறதுக்கு தனி மனு. நான் போட்டப்ப அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125, 2024 ஜூலை 1ல இருந்து பி.என்.எஸ்.எஸ்ன்ற புதுச் சட்டத்துல 144வது பிரிவு, நம்பர்தான் மாறிருக்கு. இந்து, கிறிஸ்தவங்க, முஸ்லிம் எல்லாருக்கும் பொது. எங்க கம்பெனியில பெரியபட்டினத்துப் பொண்ணு ஒன்னு எங்களுக்கெல்லாம் ஜமாத்துல மட்டும்தான்னு சொல்லிட்டு இருந்துச்சு, இல்லம்மா தலாக் சொல்லிட்டாலும் இந்த பிரிவுல கேக்கலாம்னு 2024 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. மனு போடுற எடம் நம்ம இருக்குற ஊர் கோர்ட்டாவே இருக்கலாம், புருஷன் ஊருக்கு அலைய வேண்டாம். அவுக ராமேஸ்வரத்துல போடச் சொல்லி சத்தம் போட்டாங்க, நான் ராமநாதபுரத்துலதான் போட்டேன்.

வக்கீல் இலவசமா கெடச்சாலும் கேஸ நிக்க வைக்கிறது நம்ம கொண்டு போற பேப்பருதான். சட்ட உதவி வக்கீலுக்கு நம்ம கேஸ் நூத்துல ஒன்னு, நம்ம கதைய நாம மூணு மணி நேரம் அழுதுகிட்டே சொன்னா அவருக்கு ஒன்னும் மனசுல நிக்காது. நான் ஒரு பக்கத்துல தேதி தேதியா எழுதிட்டுப் போனேன், கல்யாணம் என்னைக்கு, மக பொறந்தது என்னைக்கு, வீட்ட விட்டு வந்தது என்னைக்கு, கடைசியா பணம் குடுத்தது என்னைக்கு. அத வச்சு அவங்க அன்னைக்கே மனுவ டைப்புக்குக் குடுத்துட்டாங்க. கல்யாணத்துக்கு சாட்சி சர்ச் ரெஜிஸ்டர்ல இருந்து எடுத்த நகல், மக பொறப்பு சர்டிபிகேட், ஸ்கூல் ஃபீஸ் ரசீது, ஆஸ்பத்திரி சீட்டு. கல்யாணம் ரெஜிஸ்டர் பண்ணலன்னு பயப்படாதீங்க, பத்திரிகை, போட்டோ, ரெண்டு பேர் பேரும் சேந்து இருக்குற ரேஷன் கார்டு இதெல்லாமே ஆகும். மகளிர் ஸ்டேஷன்ல முன்னாடி புகார் குடுத்திருந்தா அத வாங்குனதுக்கு சி.எஸ்.ஆர்னு ஒரு ரசீது இருக்கும், அதையும் வச்சுக்கோங்க. புகார் குடுக்குறப்ப ரசீது தராம "பேசி விடுறோம் போம்மா"ன்னு சொன்னாலும் நின்னு ரசீத வாங்கிட்டுத்தான் வரணும்.

அப்புறம் சொத்து வருமான அஃபிடவிட். 2020ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல சொல்லிருச்சு, ஜீவனாம்ச கேஸ்ல ரெண்டு பேருமே வருமானம், செலவு, சொத்து, கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்டா போடணும்னு, ஜீவனாம்சத்தையும் மனு போட்ட தேதியில இருந்தே கணக்கு பண்ணணும்னு. அந்த ஃபார்ம் சம்பளக்காரங்கள மனசுல வச்சு போட்டது, பே ஸ்லிப் இருக்கா, பி.எஃப் இருக்கான்னு கேக்கும். கடலுக்குப் போற ஆளுக்கு ஏது பே ஸ்லிப்பு? அவரு பதில்ல என்ன சொன்னாருன்னா எனக்கு நிரந்தர வருமானமே இல்ல, கூலிக்குப் போறேன், ஸ்ரீலங்கா நேவி பயத்துல பாதி நாள் கடலுக்கே போறதில்ல. கேக்க நியாயமாத்தான் இருக்கும், பாதி உண்மையும் கூட, அந்த பயம் எனக்குத் தெரியாததா, எத்தனை ராத்திரி தூங்காம கெடந்திருக்கேன்.

ஆனா நான் மீன்காரன் பொண்டாட்டி, கணக்கு எனக்கும் தெரியும். ராமேஸ்வரத்துல விசைப்படகு வாரத்துல திங்கள், புதன், சனிதான் தொழிலுக்குப் போகும், மத்த நாள் நாட்டுப்படகு. போறதுக்கு முன்னாடி மீன்வளத்துறையில டோக்கன் வாங்கணும், அப்ப எந்த போட் எந்த தேதியில கடலுக்குப் போச்சுன்னு அரசாங்கத்துகிட்டயே பதிவு இருக்கு. நான் போட் நம்பரை எழுதிக் குடுத்தேன், வக்கீல் அந்த ரெக்கார்டை வரவழைக்கச் சொல்லி மனு போடப்போறேன்னு சொன்னதுமே எதிர்தரப்பு பேச்சு கொறஞ்சிருச்சு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிச்சு பங்கு எப்படி பிரிப்பாங்க, இறால் சீசன்ல என்ன வரும், ஓனர்கிட்ட எவ்ளோ அட்வான்ஸ் வாங்கிருக்காரு, இத ஒரு பக்கம் எழுதுனேன். மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அதுல வருமானம் இல்லதான், அதையும் நானே எழுதிட்டேன், அந்த டைம்ல அரசாங்கம் தர்ற நிவாரணம் எட்டாயிரமும் அவரு கைக்குத்தான் போகுதுன்னும் சேத்து எழுதிட்டேன். அவரு சொல்லி நான் மறுக்குறத விட நானே சொல்லிட்டா ஜட்ஜுக்கு நம்ம மேல நம்பிக்கை வருது.

என் கூலியையும் மறைக்கல. கம்பெனிக்குப் போறத சொன்னா ஜீவனாம்சம் கெடைக்காதுன்னு எல்லாரும் பயமுறுத்துனாங்க. கொஞ்சம் சம்பாதிச்சா கேக்கக்கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல, அந்த கூலி வயித்துக்கும் புள்ளைக்கும் பத்துதான்னுதான் பாப்பாங்க. மறைச்சு, அப்புறம் குறுக்கு விசாரணையில கம்பெனி பேர சொல்லி கேட்டாங்கன்னா மிச்சம் சொன்ன உண்மையும் பொய்யாயிரும்.

நோட்டீஸ் போறதுதான் இழுத்தடிச்சுச்சு. போற நேரமெல்லாம் "ஆள் கடலுக்குப் போயிருக்கு"ன்னு வீட்ல சொல்லி அனுப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை காலையில கொண்டு போங்கய்யா, புதன் போன போட் வியாழக்கிழமை வந்துரும், வெள்ளிக்கிழமை கரையில வலை பாத்துட்டுதான் இருப்பாருன்னு நான் சொன்னப்புறம்தான் கையில குடுத்தாங்க. நோட்டீஸ் கெடச்ச நாள்ல இருந்து முடிஞ்ச வரைக்கும் அறுபது நாளைக்குள்ள இடைக்கால ஜீவனாம்சத்துக்கு உத்தரவு போடணும்னு சட்டத்துல இருக்கு. அந்த அறுபது நாள் எங்கயும் அப்படியே நடக்குறது இல்ல, ஆனா இடைக்கால மனுவும் போட்டாதான் கேக்கவே முடியும், அதனால மனு போடுறப்பவே கேட்டு வாங்கிருங்க. எனக்கும் மகளுக்கும் சேத்து இடைக்காலமா மாசம் ஆறாயிரம் வந்துச்சு.

வாய்தாவுக்கு சும்மா சும்மா போய் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் விடாம இருக்க ஒரு வழி. ஈகோர்ட்ஸ்னு அரசாங்க ஆப் இருக்கு, கேஸுக்கு சி.என்.ஆர் நம்பர்னு பதினாறு எழுத்து ஒன்னு குடுப்பாங்க, அதப் போட்டா அடுத்த தேதி என்ன, போன தடவை என்ன நடந்துச்சு எல்லாம் காட்டும். வக்கீலுக்கு போன் அடிச்சுகிட்டே இருக்க வேண்டாம். ஆனா சாட்சி சொல்ற தேதியில கண்டிப்பா போயிரணும்.

நடுவுல சமரச மையத்துக்கு அனுப்புனாங்க. கோர்ட்லயே இருக்கு, காசு கெடையாது, அங்க பேசுறத கோர்ட்ல சாட்சியா எடுத்துக்க மாட்டாங்க, அதனால மனச விட்டுப் பேசலாம். எங்களுக்கு மக பாக்க வர்ற நாள் மட்டும் அங்க முடிவாச்சு, பணத்துல முடிவாகல. உங்களுக்கு முழுசா ஒத்து வந்துச்சுன்னா மக்கள் நீதிமன்றத்துல வச்சு பதிவு பண்ணிக்கலாம், ஃபீஸ் இல்ல, கோர்ட் தீர்ப்பு மாதிரியே செல்லும், அதுக்கு மேல அப்பீல் கெடையாது. அப்பீல் கெடையாதுன்றத நல்லா யோசிச்சுக்கோங்க, நமக்கும்தான் கெடையாது. விவாகரத்த அங்க வச்சு முடிக்க முடியாது, அதுக்கு கோர்ட்தான்.

வக்கீலே இல்லாம நானே வாதாடலாமான்னா, சட்டப்படி தடை இல்ல, குடும்ப நீதிமன்றத்துல வக்கீல் வச்சுத்தான் வாதாடுவேன்னு யாரும் உரிமையா கேக்கவே முடியாது. மனு குடுக்குறது, அஃபிடவிட் போடுறது வரைக்கும் ஒரு எட்டாங்கிளாஸ் படிச்ச பொண்ணு கூட செஞ்சுரலாம். குறுக்கு விசாரணைக்கு மட்டும் தனியா நிக்காதீங்க, எதிர்த்தாப்ல ஒரு வக்கீல் நின்னு உங்க நடத்தையப் பத்தி கேள்வி கேக்கும்போது நடுவுல எந்திரிச்சு ஆட்சேபணை சொல்ல ஒரு ஆள் வேணும். சொத்து வில்லங்கம், புள்ளைய யார்கிட்ட விடுறதுன்ற சண்டை, வெளிநாட்ல இருக்குற புருஷன், இதுக்கெல்லாம் காசு இருந்தா அந்த வேலை தெரிஞ்ச வக்கீலுக்கு செலவு பண்ணலாம், தப்பில்ல. யாருக்கா இருந்தாலும் வெத்து வக்காலத்துல, அதாவது நமக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் குடுக்குற பேப்பர்ல, ஒன்னும் எழுதாம கையெழுத்து போட்டுக் குடுக்காதீங்க, அப்புறம் ஆள மாத்தணும்னா அவருகிட்டயே போய் நோ அப்ஜெக்‌ஷன் வாங்கிட்டு நிக்கணும்.

அடி உதைன்னா ஜீவனாம்சத்தோட நிக்க வேண்டாம். 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தங்க இருக்காங்க, மாவட்ட சமூக நலத்துறையில கேட்டா சொல்வாங்க, அவங்களே அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவாங்க, அதுலயே வீட்ட விட்டு வெளிய அனுப்பக்கூடாதுன்னு உத்தரவு கேக்கலாம், பணமும் கேக்கலாம். ராத்திரி அவசரம்னா 181க்கு போன் போடுங்க. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு குடுத்துட்டு வந்தா வேலை முடிஞ்சதுன்னு நம்ம ஆளுங்க நெனைக்கிறாங்க, அது சுத்திச் சுத்தி கடைசியில ஸ்டேஷனுக்குத்தான் வரும்.

உத்தரவு வந்துருச்சுன்னா பணம் தானா வந்துரும்னு இருக்காதீங்க. எனக்கு மூணு மாசம் வந்துச்சு, அப்புறம் நின்னுருச்சு. நிலுவைக்கு தனியா மனு போடணும், பணம் வர வேண்டிய தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும், அந்த வருஷம் தாண்டுன மாசக் காசுக்கு வாரண்ட் கேக்க முடியாது. நெறைய பேரு இதுலதான் விடுறாங்க, மொத்தமா சேரட்டும்னு பாத்துகிட்டே இருப்பாங்க. குடுக்காம இருந்தா ஒரு மாசம் வரைக்கும் உள்ள போடலாம், உள்ள போய்ட்டு வந்தாலும் அந்தக் கடன் தீராது, குடுத்துத்தான் ஆகணும், இது 1988லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. இதுக்கும் அதே இலவச வக்கீல்தான். வர்ற பணம் பேங்க் அக்கவுண்ட்ல வர்ற மாதிரி உத்தரவுலயே கேட்டுக்கோங்க, கையில குடுத்தேன்னு சொல்ல முடியாது.

இதுல ஒரு வேடிக்கை. போன தடவை மகள பாக்க என் மாமியார் வந்தாங்க. கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துருந்துட்டு, "ஏத்தா, எனக்கும் அவன் ஒன்னும் தர்றதில்ல, நீ போன அந்த ஆபீஸுல கெழவிகளுக்கும் எழுதித் தருவாகளா"ன்னு கேட்டாங்க. எழுதித் தருவாங்க. அம்மா அப்பாவும் அதே பிரிவுல கேக்கலாம், இல்லாட்டி 2007 முதியோர் சட்டத்துல ஆர்.டி.ஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர் கிட்ட நேரா மனு குடுக்கலாம், அங்க வக்கீலே தேவையில்ல, மாசம் பத்தாயிரம் வரைக்கும் உத்தரவு போடலாம். மனுவ நான்தான் எழுதிக் குடுத்தேன், அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன்.